புகை விடாத வண்டி

எங்கள் பஸ் தொழிலாளர் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கார்த்தி வீட்டுக்கே வந்துவிட்டான். நான் பணிமனையிலிருந்து ஓய்வு பெற்ற சமயத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் அவன். இன்றைக்குத் தலைமை மெக்கானிக். நாற்காலியில் உட்காராமலே ஆரம்பித்தான்.

"சார், நம்ம ஊருக்கு ஹைட்ரஜன் பஸ்ஸு வருது சார், பாக்கறதுக்கு வெக்கப் போறாங்க. நீங்க எழுபதுகள்லயே ஹைட்ரஜன்ல வேன் ஓட்டினீங்களாமே! ஒரு வார்த்த சொல்லல பாருங்க. மலர்ல போட்டோவோட போட்டுடலாம். காஞ்சிபுரத்தின் முதல் ஹைட்ரஜன் டிரைவர்னு தலைப்பு கூட ரெடி சார்."

எனக்குக் காது சுட்டது. வேண்டாம் என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தான். எனக்கு அந்த வியாதி கிடையாது. பணிமனையில் என் வாய்க்குப் பயந்து ஒளிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கலாம். நான் வேண்டாம் என்றது வெட்கத்தால். சரி, எழுதித் தருகிறேன், ஆனால் நான் எழுதுவதை அப்படியே போடுவதாக இருந்தால்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

மாகறலில் எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம். அண்ணன்கள் ஏரைப் பிடித்தார்கள். எனக்கு வண்டி என்றால் பைத்தியம். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனி ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்தேன். டயர் கழுவினேன், டீ வாங்கி வந்தேன், தலையில் குட்டு வாங்கினேன், தடவிப் பார்த்தே ஸ்பேனர் நம்பர் சொல்லக் கற்றேன். டீசல் பம்ப் வேலை கைக்கு வந்த பிறகு பெயருக்குப் பின்னால் மெக்கானிக் என்று சேர்ந்தது. அந்தக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் அப்படித்தான் கற்றோம்.

குடியிருந்தது நெசவாளர் தெருவில். கோதண்டம் அண்ணன் வீட்டின் பின்பக்கத்தில் ஒரு அறை. வீட்டில் அவர், அவர் மனைவி சரோஜா அக்கா, அண்ணனின் அம்மா ஆக மூன்றே பேர். தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள், என்னிடம் தமிழ். அக்கா என்னைவிடச் சில வயது மூத்தவர். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. காலையில் நான் கிளம்பும்போது அறை வாசலில் ஒரு டம்ளர் காபி இருக்கும். வாடகையில் சேர்ந்ததல்ல அது. ஏன் கொடுக்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை, குடித்துவிட்டுப் போவேன்.

அந்தத் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். புடவையின் நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகள் மொத்தமும்தான் பாவு. அதைத் தெரு நீளத்துக்கு மூங்கில் கவைகளின் மேல் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, கோதி, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டிவிட வேண்டும். ஒரு பாவில் இரண்டு மூன்று புடவை வரும். அறுந்த இழைகளை விரலால் பிணைப்பது பெண்கள் வேலை. சரோஜா அக்காவின் விரல் அதற்குப் பேர்போனது. அடுத்த வீட்டுப் பாவில் இழை அறுந்தால்கூட, "சரோஜாவக் கூப்பிடு" என்பார்கள். காய்ந்துபோன கஞ்சி இழையை இளக்க விரலை நனைக்க வேண்டும், அதற்காகக் காலடியில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்திருப்பார்.

பாவு நீட்டியிருக்கும் நேரத்தில் தெருமுனையில் இரண்டு கவைகளைக் குறுக்கே சாய்த்து வைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டால் மாட்டு வண்டிகூடத் திரும்பிப் போய்விடும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. அந்தக் கவையைப் பாவுக்காரர்கள் தவிர வேறு ஒருவர் கை தொட்டு நான் பார்த்ததில்லை.

கவை வண்டியைத் தடுக்கும், புகையைத் தடுக்காது. தெருமுனையில் இருந்த பெரிய சாலை வழியாகத்தான் எங்கள் கம்பெனி பஸ்கள் போகும். எல்லாம் பழசு. ஏற்றத்தில் மிதித்தால் கரும்புகை கிளம்பி, காற்று அந்தப் பக்கம் இருந்தால் நேராகப் பாவுக்கு வரும். கோதண்டம் அண்ணன் திட்ட மாட்டார், கிண்டல் செய்வார்.

"இன்னாப்பா தேவராஜு, உங்க பஸ்ஸு போனா சூளை பத்த வெச்ச மாரி இருக்குது. நீ ரிப்பேர் பண்றியா, இல்ல கொளுத்தி அனுப்பறியா?"

தெருவே சிரிக்கும். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் மானம் போகும். அந்த பம்ப்பைத் திருகி விடுகிறவன் நான். பாரம் இழுக்க வேண்டும், டீசலைக் கூட்டு என்பார்கள், கூட்டுவேன், புகை வரும். அந்த வீட்டுக்குச் சோறு போடும் பட்டில் நான் கரி பூசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் புகையே விடாத வண்டி ஒன்றைக் கொண்டுவந்து இந்தத் தெருவில் நிறுத்திக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சபதம் வேறு.

எழுபத்து நாலில் அதற்கு வழி வந்தது. அரபு நாட்டுச் சண்டைக்குப் பிறகு டீசல், பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியிருந்தது. எங்கள் முதலாளியின் மகன் ராகவன் சென்னையில் என்ஜினீயரிங் படித்துவிட்டு ஷெட்டைப் பார்த்துக்கொள்ள வந்தார். நாங்கள் அவரைச் சின்னவர் என்போம். குரலை உயர்த்தி அவர் பேசி ஒருவரும் கேட்டதில்லை. எல்லோரும் வேலை முடித்துக் கை கழுவுவோம். அவர் வேலை தொடங்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கழுவுவார். எதைச் சொன்னாலும் கடைசியில் "சரிதானே?" என்று கேட்பார். அது கேள்வி இல்லை. நாம் தலையாட்டுவதற்காக அவர் விடும் இடைவெளி. ஆனால் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிய முதல் அதிகாரி அவர்தான். அதற்காகவே எனக்கு அவர் மேல் உயிர்.

"தேவராஜ், ஹைட்ரஜன்னு ஒரு வாயு. திருவிழாவுல பலூனுக்கு அடைக்கிறாங்களே, அது. அதை எரிச்சா புகையே வராது. கார்பனே கிடையாது அதுல. எரிஞ்சு தண்ணியாப் போயிடும். சரிதானே?"

நான் தலையாட்டினேன். பலூன்காரன் பக்கத்தில் பீடி பிடித்தவன் புருவத்தைப் பறிகொடுத்த கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த காஸில் வண்டி ஓட்டுவதா என்று ஷெட்டில் சிரித்தார்கள். "வண்டி பறந்துடப் போவுது, கயிறு கட்டி வெய்யிங்கப்பா" என்றார்கள். பெயரே பலூன் வண்டி என்று ஆகிவிட்டது.

ஷெட்டில் ஒரு பழைய பெட்ரோல் வேன் இருந்தது. வழியில் நின்றுபோன பஸ்ஸுக்குச் சாமான் எடுத்துப் போகிற வண்டி. அதைத்தான் எடுத்துக்கொண்டோம். ஹைட்ரஜனைப் பற்றவைக்கப் பொறி வேண்டும், டீசல் என்ஜினில் பொறி கிடையாது, அதனால் பெட்ரோல் வண்டி. சிகப்பு சிலிண்டரைப் பின்னால் சங்கிலி போட்டுக் கட்டினோம். அழுத்தத்தைக் குறைக்க ஒரு ரெகுலேட்டர், அங்கிருந்து குழாய், கார்பரேட்டர் வாயில் நானே கடைந்து செய்த ஒரு பித்தளை மூக்கு. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். இந்த வாயு மேலே ஏறும், கூரையில் தங்கினால் ஆபத்து. அதனால் திறந்த வெளியில்தான் வேலை. வேன் நிற்கும் பக்கம் தீப்பெட்டியோடு யாரும் வரக்கூடாது. நானே பீடியை விட்டேன். அந்த ஒரு நல்லது மட்டும் இன்றுவரை நிலைத்தது.

முதலில் ஸ்டார்ட் செய்தபோது துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். நெருப்பு என்ஜினுக்குள் போகாமல் திரும்பிக் கார்பரேட்டர் வழியாக வெளியே வந்தது. இந்த வாயு அவ்வளவு அவசரக்காரன். பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பார்த்தோம், குறைந்தது, நிற்கவில்லை. சின்னவர் ஏதோ படித்துவிட்டு வந்து, காற்று உள்ளே போகிற வழியில் துளித்துளியாகத் தண்ணீர் விடலாம் என்றார். சூடு தணியுமாம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டுச் சொட்டவிட்டேன். வெடி நின்றது. என்ஜின் அவ்வளவு மெதுவாக, இதமாக ஓடியது. பின்னால் போய்ப் பார்த்தேன். புகை இல்லை. சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. வாழ்நாளில் முதல் முறையாக ஒரு வண்டியின் பின்னால் நின்று மூச்சை இழுத்து விட்டேன். கண் கலங்கிப்போனேன், பொய் இல்லை.

அவ்வளவையும் யோசித்த நாங்கள் ஒன்றை யோசிக்கவில்லை. என்ஜினுக்குள் எல்லாவற்றையும் மாற்றினோம், சைலன்சரை மட்டும் தொடவில்லை. வேன் பெட்ரோல் குடித்த காலத்துக் கரி முழுக்க அந்தக் குழாய்க்குள் படிந்திருந்தது. அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. புதுப்புகை இல்லை என்ற சந்தோஷத்தில் பழைய புகை எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

தை மாதம். நல்ல குளிர். வாயுவை வண்டியில் எரிக்க அரசாங்க அனுமதி வாங்கவில்லை என்பதால், ஊர் விழிக்கும் முன்னே ஓரிக்கை வரை போய்த் திரும்பிவிடலாம் என்றார் சின்னவர். நான் ஓட்ட, அவர் பக்கத்தில் ரெகுலேட்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். போனோம், திரும்பினோம். ஒரு தடங்கல் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "சார், எங்க தெரு வழியாப் போலாம் சார், ஒரே நிமிஷம், எங்க வீட்டுக்காரருக்குக் காட்டணும்" என்றேன். அவரும் சந்தோஷத்தில்தான் இருந்தார். "சீக்கிரம், சரிதானே?" என்றார்.

தெருமுனையில் கவைகள் குறுக்கே இருந்தன. நான் இறங்கினேன். புகை வரும், புழுதி வரும் என்றுதானே இந்தக் கவை, நம் வண்டிக்குத்தான் புகையே இல்லையே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஒரு கவையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேனை உள்ளே விட்டேன்.

சந்தன நிறத்தில் ஒரு பாவு நீண்டிருந்தது. கோதண்டம் அண்ணனுடையது. அவரும் மற்ற ஆண்களும் தெருவின் அந்தக் கோடியில் இருந்தார்கள். இந்தக் கோடியில் சரோஜா அக்கா மட்டும் குனிந்து இழை பிணைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நிறுத்தி, "அக்கா, பாருங்க, புகை வருதா?" என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து சிரித்தார். தெருக்கோடியில் இருந்தவர்களும் பார்த்தார்கள். எதிர் வீட்டு மாணிக்கம், "அட, நெஜமாவே புகை இல்லடா!" என்றது எனக்கே கேட்டது. சின்னவர் போகலாம் என்று தோளைத் தட்டினார். இன்னும் நன்றாகக் காட்ட வேண்டும் என்று ஆக்ஸிலேட்டரை ஒரு முறை ஓங்கி மிதித்து, பக்கத்துச் சந்தை நோக்கி வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது அக்கா இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். ஆச்சரியத்தில் வழியனுப்புகிறார் என்று நினைத்து நானும் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினேன்.

அன்று முழுக்க ஷெட்டில் என் கால் தரையில் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வாசலில் கூட்டம். பாவு கூடத்தில் கிடந்தது. சந்தன நிறத்தில் ஒரு கோடி முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், வழிந்த கோடுகள். கோதண்டம் அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அக்காவின் மாமியார் தெலுங்கில் ஆரம்பித்து எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழுக்கு வந்தார்.

"அடுப்புல வெச்ச கரிச் சொம்ப எடுத்துக்கினு போயி பாவு மேல கொட்டிட்டு, வண்டி துப்பிச்சாம், வண்டி! கேக்கறவன் கேனையா இருந்தா எரும ஏரோப்ளேன் ஓட்டுமாம்!"

அக்கா அழவில்லை. "நான் கொட்டல. வண்டி பின்னால இருந்து கறுப்புத் தண்ணி பீச்சி அடிச்சுது. நிறுத்து நிறுத்துன்னு கையக் கூட ஆட்டினேன்" என்று ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய சொம்பின் அடிப்பக்கம் கரிதான். எல்லார் வீட்டுச் சொம்பும் அப்படித்தான்.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. குளிர்ந்த சைலன்சருக்குள் ஆவியெல்லாம் தண்ணீராகத் தங்கி, பழைய கரியைக் கரைத்து நின்றிருக்கிறது. நான் ஓங்கி மிதித்ததும் மொத்தமாக வெளியே வந்துவிட்டது. கூட்டத்துக்கு நடுவில் போய்ச் சொன்னேன். "அக்கா சொல்றது நிஜம். எங்க வண்டிதான். அந்த காஸ் எரிஞ்சா தண்ணி வரும்."

கூட்டத்தில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். பாவு கொடுத்த பட்டுக்கடைக்காரரும் வந்திருந்தார். அவர்தான் முதலில் சிரித்தார். "நெருப்பு எரிஞ்சா தண்ணி வருமா? நல்ல கதையா இருக்குதே தம்பி." மாணிக்கம் சாட்சிக்கு வந்தார். "நானே என் கண்ணால பாத்தேன்பா. வண்டி வந்துது, நின்னுது, போச்சு. துளி புகை இல்ல. புகையே இல்லாத வண்டியில கரி எங்க இருந்து வரும்?" அவர் பொய் சொல்லவில்லை. நான் காட்ட விரும்பியதைத்தான் பார்த்திருந்தார். என் வண்டி எவ்வளவு சுத்தமோ, அக்கா அவ்வளவு குற்றவாளி ஆனார்.

மறுநாள் பட்டுக்கடைக்காரரையும் அண்ணனையும் ஷெட்டுக்கே அழைத்துப் போனேன். படித்தவர் சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்தேன். சின்னவர் கை கழுவிவிட்டு வந்தார். நாற்காலி போடச் சொன்னார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எங்க வண்டியைப் பாத்தவங்க இருக்காங்க, புகை வரலைன்னு அவங்களே சொல்றாங்க. ஈரக்காத்து கொஞ்சம் வரும், அவ்வளவுதான். அதுல கறை எப்படிப் படும்? சரிதானே?"

பட்டுக்கடைக்காரர் தலையாட்டினார். அண்ணனும் தலையாட்டினார். பழக்கதோஷத்தில் என் தலையும் கொஞ்சம் அசைந்தது. அதை அண்ணன் பார்த்தார்.

அவர்கள் போன பிறகு சின்னவர் என்னைத் தனியாக அழைத்தார். குரல் அப்போதும் உயரவில்லை. "தேவராஜ், அனுமதி இல்லாம ரோட்டுல ஓட்டினோம்னு வெளிய வந்தா அப்பா எல்லாத்தையும் மூடிடுவார். ஒரு பாவு போச்சு, வருத்தம்தான். ஆனா இது நாட்டுக்கே உதவப்போற விஷயம். வீட்டு விவகாரத்தை வீட்டோட விட்டுடு." எனக்குக் கோபம் வந்தது. அப்படியானால் வேனை இன்னொரு முறை அவர்கள் முன்னால் ஓட்டிக் காட்டுவோம் என்றேன். சிலிண்டரைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

சிலிண்டர் போகும் முன், சின்னவர் இல்லாத நேரம் பார்த்து வேனை ஸ்டார்ட் செய்து, வெள்ளைத் துணி ஒன்றைக் குழாய் வாயில் பிடித்து, கிளீனர் பையனை ஓங்கி மிதிக்கச் சொன்னேன். பாவில் விழுந்த அதே புள்ளிகள், அதே வழிசல். துணியை மடித்து வீட்டுக்கு ஓடினேன். கூடத்தில் மாமியாரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் இருந்தார்கள். விரித்துக் காட்டினேன். மாமியார் அதைத் தொடக்கூட இல்லை.

"மெக்கானிக்கு துணியில கறை இல்லாம கல்கண்டா இருக்கும்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "அது இருக்கட்டும். எங்க வீட்டு மருமக மேல குடியிருக்கிறவனுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ அக்கறை? தெனம் காபி வேற போவுது" என்றார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சமையலறை வாசலில் நின்றிருந்த அக்கா உள்ளே போய்விட்டார். நான் அந்தத் துணியை மடித்தேன். அதோடு வாயையும் மூடிக்கொண்டேன்.

இனி நான் பேசப் பேச அவருக்குத்தான் கெட்ட பெயர் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். கேட்கிறவர்களுக்கும் அது நியாயமாகவே பட்டிருக்கும். ஆனால் அது முழு நிஜமில்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பு கூசியது. மாகறலில் அண்ணன்கள் காதுக்குப் போனால் என்ன ஆகும், எனக்குப் பெண் தேடுகிறார்களே என்றெல்லாம்தான் என் புத்தி ஓடியது. நான் காப்பாற்றியது என் பெயரை. சில நாளில் அறையைக் காலி செய்தேன். சாவியைக் கொடுத்தபோது அண்ணன் வாங்கிக்கொண்டு, "போய்ட்டு வா" என்றுகூடச் சொல்லவில்லை. காபி டம்ளர் வாசலில் இல்லை.

பலூன் வண்டி பெட்ரோலுக்குத் திரும்பியது. சின்னவர் பிறகு வெளியூருக்குப் போய்விட்டார். அவரைக் கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். ஒரு நல்ல விஷயத்தைக் காப்பாற்ற ஒரு பெண்ணின் பேச்சைப் பொய்யாக்கினார். அந்த நல்ல விஷயமும் பிழைக்கவில்லை.

கறை பட்ட பாவை அரக்கு நிறத்தில் முக்கி எப்படியோ ஒப்பேற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். பட்டுக்கடைக்காரர் அதற்குப் பிறகு வெளிர் நிறப் பாவு எதையும் அந்த வீட்டுக்குக் கொடுக்கவில்லை. சரோஜா அக்காவைத் தெருப்பாவுப் பக்கமே விடவில்லை. அந்த விரல் வீட்டுக்குள் உட்கார்ந்து, பாவுக்குக் குறுக்கே ஓடும் ஊடைக்கு நூல் சுற்றியது. தெருவில் யாராவது தண்ணீரைச் சிந்தினால், "சரோஜா கை பட்டுடுச்சா?" என்று கேட்பார்களாம். அவரை அறியாமல் பிறகு அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்கள்கூட அதைச் சொன்னார்கள். எனக்கு இதெல்லாம் தெரியும். ஒரே ஊர்தானே. அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போய் என் காலமெல்லாம் ஓட்டினேன். எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், பதவி உயர்ந்தது. ஷெட்டில் எவனாவது வண்டியைப் புகையோடு அனுப்பினால் அவனை நான் பேசாத பேச்சில்லை. பேச வேண்டிய இடத்தில் பேசாதவனுக்கு இதற்கெல்லாம் வாய் நீளும்.

போன வாரம் அந்த ஹைட்ரஜன் பஸ் வந்தது. மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கார்த்தி என்னை முன்வரிசையில் உட்காரவைத்தான். ஒரு இளம் அதிகாரி கண்ணாடி டம்ளரைக் குழாயின் கீழே பிடித்தார். தெளிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. "இதுதாங்க இந்த பஸ் விடற புகை!" என்று தூக்கிக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. எனக்குப் பின்னால் யாரோ, "அட, நெருப்பு எரிஞ்சா தண்ணி வருமா!" என்று வாய்பிளந்தார். எனக்குக் கை எழவில்லை. பாதியில் எழுந்து அந்தத் தெருவுக்கு நடந்தேன்.

கோதண்டம் அண்ணனும் மாமியாரும் போய் வெகு காலம் ஆகிறது. அக்கா கூடத்தில் தரையில் காலை நீட்டி நூல் சுற்றிக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். "வா தேவராஜு. தொந்தி போட்டுட்ட" என்றார். நான் நின்றுகொண்டே, மைதானத்துக்கு வரச் சொன்னேன். ஆட்டோ பிடிக்கிறேன், பஸ்ஸிலிருந்து தண்ணீர் வருவதை எல்லோரும் பார்க்கிறார்கள், நீங்களும் வந்து பார்க்க வேண்டும் என்று உளறினேன்.

சுற்றிய கை நிற்கவில்லை.

"எனக்கு எதுக்குப்பா? நான்தான் அன்னிக்கே பாத்தேனே" என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரே கேட்டார். "ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேனே. நீ ஏன் நிறுத்தல?"

"டாட்டா காட்டறீங்கன்னு நெனச்சேன் அக்கா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். பல் இல்லாத வாயால் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் அழுதேன். மலரில் இதையெல்லாம் எழுதப்போகிறேன், உங்கள் பெயரைப் போடலாமா, பழைய பேச்சு மறுபடி கிளம்புமா என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

"பேச்சு பேசினவங்க ஒருத்தரும் இல்ல. தண்ணி கொட்டினவள்ன்ற பேரு மட்டும் இன்னும் இருக்குது. போடு. வெறும் சரோஜான்னு போட்டா எந்த சரோஜான்னு கேப்பாங்க. கோதண்டம் சம்சாரம் சரோஜான்னு போடு."

கார்த்தி, என் போட்டோ வேண்டாம். நீ யோசித்து வைத்திருக்கும் தலைப்பும் வேண்டாம். அந்த இடத்தில் பெரிய எழுத்தில் இதைப் போடு: ஹைட்ரஜன் வண்டி தண்ணீர் விடும் என்பதைக் காஞ்சிபுரத்தில் முதலில் பார்த்தவர் கோதண்டம் மனைவி சரோஜா. அந்தப் பாவின் மேல் அவர் தண்ணீர் கொட்டவில்லை.